அரை மூட்டை சிமென்ட்

படகுக்குள்ளிருந்து சிமென்ட்டை வெட்டி எடுத்ததிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும். ஆமாம், சிமென்ட்தான். மரப்படகின் அடிவயிற்றில், முன்பக்கத்திலிருந்து எஞ்சின் மேடை வரைக்கும் நாலு விரல் கனத்துக்குப் பூசி, மேலே பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்திருந்தார்கள் என்று யாரோ செய்த மாதிரி எழுதுகிறேன், செய்தது என் அப்பா. பக்கத்தில் நின்று சட்டியில் கலவை எடுத்துக் கொடுத்தது நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது, அரை மூட்டை சிமென்ட்டில் ஒழுகல் நின்றுவிட்டதே என்று இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

2023 பொங்கல் லீவில் அதே சிமென்ட்டை நான் உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்த்தேன். மூன்று நாள் ஆனது. கீழே பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஒன்று இருந்தது, விரலால் குத்தினால் உள்ளே போனது.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். ஓ.டி. (ஓல்டு டவுன்) என்று சொன்னால்தான் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம், அங்கிருந்து உப்பனாறு முந்நூறு மீட்டர் இருக்கும். நம்ம ஊர்த் துறைமுகத்தில் அப்போதெல்லாம் பெரிய கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்காது, தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும், சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தோணிகளை இழுக்கவும், கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடவும் மோட்டார் லாஞ்சுகள் ஓடின. அப்பா ஓட்டியது அதில் சின்னது: 22 அடி நீளம், ஆறரை அடி அகலம், தேக்குப் பலகை, உள்ளே கருவேலச் சட்டம். கப்பல் வரத்துக் குறைந்தபோது அப்பா வேலை பார்த்த கம்பெனி எட்டு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்தது. கடைசியில் "பணம் இல்லை, வேண்டுமானால் லாஞ்சை எடுத்துக்கொள்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் அந்தப் படகை வைத்து அப்பா என்னென்னவோ செய்தார். அக்கரைக்கு ஆள் ஏற்றினார், ஐஸ் பெட்டி கொண்டுபோனார். பழைய எஞ்சின் உட்கார்ந்துவிட்டதும், கிணற்று பம்புசெட்டிலிருந்து கழற்றிய ஒரு கிர்லோஸ்கரை வாங்கி மாட்டினார். 2004 சுனாமி படகைத் தூக்கிக் கரையில் இருந்த கல்லில் மோதி விட்டுப் போனது, பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்கு உடைப்பு. அடுத்த வருஷம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஃபைபர் படகு. நிவாரணமாக வந்தவை பாதி, அதைப் பார்த்து வாங்கியவை பாதி. கட்டுமரம் போட்டவர்கள்கூட ஃபைபருக்கு மாறிய காலம். ஃபைபர் ஒட்டத் தெரிந்தவர்களும் தெருவுக்கு ஒருவர் முளைத்தார்கள். அப்படி ஒருவர் வந்து உடைப்பின் மேல் மூன்று அடுக்கு ஃபைபர் போட்டு ஒட்டிக் கொடுத்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

2011 டிசம்பர் 30, தானே புயல். அதற்கு முந்தைய வருஷமே படகைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து ஏற்றி வைத்திருந்தோம். காலையில் காற்று நின்றதும் பின்கதவைத் திறந்தால் எங்கள் பலாமரம் படகின் மேல் படுத்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் அன்றைக்குப் பலாவும் முந்திரியும் விழுந்த கணக்கை எடுத்தால் நம்முடையது ஒன்றும் பெரிதில்லை. மரத்தை விறகுக்குக் கேட்டு வந்தவர்களை அம்மா விரட்டிவிட்டார். "நான் வெச்ச மரம், அறுத்து உள்ள போடு" என்றார். அறுத்துப் பலகையாக்கி, நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, கொட்டகையில் போட்டோம். 2014ல் அப்பா போய்விட்டார். படகும் பலகையும் அப்படியே கிடந்தன.

பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் வந்து, எஞ்சினோடு சேர்த்துப் படகுக்கு ஒன்பதாயிரம் தருகிறேன் என்றதுதான் ஆரம்பம். மரத்துக்கு விறகு விலை. அம்மா என்னைப் பார்த்தார், நான் ஏதோ வீம்பில் "நான் சரி பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் படகைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது மிதக்கும் என்பது மட்டும்தான்.

சிமென்ட்டை எடுத்த வேகத்தில் ஒரு பெரிய தப்பு செய்தேன், யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள். அழுகின பலகையையும் வங்கையும் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டேன். வங்கு என்றால் விலா எலும்பு மாதிரி உள்ளே குறுக்காக வளைந்து நிற்கும் மரம். அடியில் நீளமாக ஓடும் முதுகுத்தண்டு ஏரா. இரண்டும் சேர்ந்துதான் படகின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. எட்டு வங்கு கழன்றதும் ஒரு வாரத்தில் படகு தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விரிய ஆரம்பித்தது. எனக்குத் தெரியவில்லை. பார்த்தவர் மேஸ்திரி.

மேஸ்திரி என்பது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர், எழுபத்தாறு வயது. விசைப்படகு கட்டும் தளத்தில் ஆயுசு முழுக்க ஆசாரியாக இருந்தவர், அப்பாவுக்குப் பழக்கம். வாசலில் நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை.

"என்னா தம்பி, படகு கட்றியா, பிரிக்கிறியா?"

"சரி பண்றேன் மேஸ்திரி."

"ஒன்ன எடுத்தா ஒன்ன வெச்சுட்டுத்தான் அடுத்தத எடுக்கணும். பல்லு முழுக்கப் புடுங்கிட்டா வாய் இருக்குமா?"

அன்று சாயங்காலமே பனங்கட்டையும் செயின் பிளாக்கும் கொண்டுவரச் சொன்னார். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை நூல் கட்டி, ஏரா எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளந்தார், ஒன்றே கால் அங்குலம். விரிந்த பக்கங்களைக் கயிறு போட்டு முறுக்கி உள்ளே இழுத்து, கீழே ஆப்பு வைத்து, தினமும் கொஞ்சமாகத் தட்டித் தட்டி ஏராவை நேராக்க ஒரு மாதம். ஒரே நாளில் தூக்கினால் மரம் வெடிக்கும் என்றார். அந்த ஒரு மாதமும் நான் ஆபீஸ் முடிந்து வந்து ஆப்பை ஒரு நூல் அளவு தட்டுவதோடு சரி.

அடுத்தது ஃபைபர் ஒட்டு. கிரைண்டர் வைத்து ஓரத்தைக் கிளப்பியதும் வாழை மட்டை உரிகிற மாதிரி ஒரே தாளாகக் கழன்று வந்தது. பின்னால் அழுகல் வாடை. கிரைண்டரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உடைப்பு ஒரு முழம்தான், அழுகல் மூன்று பலகைக்குப் பரவி ஆறு அடி நீளத்துக்கு ஓடியிருந்தது.

ஏன் என்று மேஸ்திரி சொன்னதையும் அப்புறம் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பலகை பலகையாக அடித்த படகு அசையாத பொருள் இல்லை. தண்ணீரில் ஊறினால் பலகை அகலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், நீளத்தில் மட்டும் ஏறக்குறைய மாறாது. ஃபைபருக்கு அந்த ஊறலும் கிடையாது, சுருங்கலும் கிடையாது. கீழே மரம் அசைய அசைய ஒட்டு ஒரு மூலையில் விட்டுவிடும், அந்த இடுக்கில் மழைத் தண்ணீர் நுழையும், நுழைந்தது வெளியே வர வழியிருக்காது. கவனியுங்கள், மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் ஊறிய மரம் அவ்வளவு சீக்கிரம் அழுகாது, உப்பு காளானை வளர விடாது. கடலில் ஓடிய வருஷங்களில் நன்றாக இருந்த படகு தோட்டத்தில் ஏற்றி வைத்த பிறகு அழுகியதற்குக் காரணம் இதுதான். சிமென்ட்டுக்கும் இதே கதை. கடலில் இருந்து வந்த சேதம் என்று நான் தேடிக் கண்டுபிடித்தது, ஏராவின் வாலில் கப்பல் புழு துளைத்த ஒரு சாண் மரம், அவ்வளவே. (புழு என்று பேர், ஆனால் அது சிப்பி இனம், தலைப்பக்கம் இருக்கும் இரண்டு குட்டிச் சிப்பி ஓடுகளை வைத்துத்தான் மரத்தை அரைக்கிறது. துளைக்குள் சுண்ணாம்பு பூசிய மாதிரி வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.) மற்றதெல்லாம் நாங்கள் அக்கறையோடு செய்த ரிப்பேர்.

ஆணியும் அப்படித்தான். கட்டும்போது அடித்தது செம்பாணி, பச்சை படிந்திருந்ததே தவிர, அசைத்தால் அசையவில்லை. அப்பா இடையில் கழன்ற இடங்களில் எல்லாம் கடையில் கிடைத்த இரும்பாணியை அடித்திருந்தார். ஒவ்வொரு இரும்பாணியைச் சுற்றியும் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு. மரத்தின் துவர்ப்பும் இரும்புத் துருவும் சேர்ந்தால் கறுப்பு வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே வேலை. கறுத்த இடத்தில் மரம் நார் நாராகப் போய்விடுகிறது, ஆணி அதில் சும்மா செருகி நிற்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே செம்பு. உப்பு ஈரத்தில் செம்பும் இரும்பும் அருகருகே இருந்தால் இரும்புதான் முதலில் கரையும். நான் எவர்சில்வர் திருகாணி போடலாம் என்று டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருந்தேன், காற்றுப் படாமல் ஈர மரத்துக்குள் கிடந்தால் அதுவும் அரித்துப்போகும் என்று பிறகுதான் தெரிந்தது. அதை எல்லாம் மேல்தளத்துக்கு ஒதுக்கினேன். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முழுக்கச் செம்பாணிதான். வெளியிலிருந்து அடித்து, உள்ளே செம்பு வில்லை போட்டு, முனையை நறுக்கித் தட்டி மடக்க வேண்டும். ஒருவர் வெளியே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் உள்ளே தட்ட வேண்டும். பிடித்தது என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு அறுபது ஆணி. அவளிடம் இப்போது செம்பு விலை கேட்டால் நகைக்கடைக்காரர் மாதிரி சொல்வாள்.

மரத்துக்கு அலைந்த கதை தனி. புதுச் சட்டத் தேக்கு வாங்கிப் பார்த்தால் பாதி வெள்ளை, வயிரம் ஏறிய நடுமரம் இல்லை. கடைசியில் புதுச்சேரியில் பழைய வீடு இடித்த மரம் விற்கும் ஒரு கிடங்கில் பர்மா தேக்கு உத்தரம் இரண்டு கிடைத்தது. நூறு வருஷம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம், அறுத்தபோது வந்த எண்ணெய் வாசம் மறுநாள் வரை கொட்டகையில் இருந்தது. அதில் ஏழு பலகை. வங்குக்கு நேர்மரத்தை வளைவாக அறுக்கக் கூடாது, நார் வெட்டுப்பட்டு ஒடிந்துவிடும், இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளை வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஏரிக்கரைக் கருவேலம் ஏலம் எடுத்தவரிடம் போய், மேஸ்திரி தகரத்தில் வெட்டிக் கொடுத்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, கிளை கிளையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை. பலகையை அணியத்தின் வளைவுக்குக் கொண்டுவரத் தகரப் பெட்டியில் நீராவி வைக்கலாம் என்று நான் திட்டம் போட்டேன், மேஸ்திரி சிரித்துவிட்டு, கீழே தேங்காய் மட்டையில் தணல் போட்டு, மேலே ஈரச்சாக்கால் நனைத்து நனைத்து, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு மணி நேரத்தில் பலகை தானாக இறங்கியது.

அம்மாவின் பலாமரம் மேல்தளத்துக்கும் இருக்கைக்கும் போனது. இழைப்புளி ஓட்டியதும் மஞ்சள் பூசின முகம் மாதிரி இருந்தது. பலா வெயில் பட்டால் மெல்ல மெல்லப் பழுப்பாகிவிடும் என்று தெரிந்தும் அதற்குப் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை.

இனி கலப்பத்து. இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து அடைக்கும் வேலை. இடுக்கு உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்தும் இருக்க வேண்டும், திரி உள்ளே விழுந்துவிடவும் கூடாது, வெளியே பிதுங்கவும் கூடாது. மழுங்கின உளியைத் திரியின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். முதல் நாள் நான் ஒழுகவே கூடாது என்கிற வெறியில் இறுக்கி அடித்தேன், மேஸ்திரி வந்து பாதியைப் பிடுங்கிப் போட்டார். காய்ந்த மரத்தில் இப்படி இறுக்கினால், தண்ணீரில் இறக்கியதும் பலகை உப்புவதற்கு இடம் இருக்காதாம். அது ஆணியை இழுத்துவிடும், சில சமயம் வங்கையே முறித்துவிடும். "தண்ணியும் கொஞ்சம் வேல செய்யட்டும், நீயே எல்லாத்தையும் செஞ்சுடாத" என்றார். எவ்வளவு இறுக்கம் என்பதை அவர் காதால்தான் பார்க்கிறார். அடிக்கும்போது முதலில் தொப் தொப் என்று வரும் சத்தம், திரி சரியாக உட்கார்ந்ததும் டக் என்று மாறும், அங்கே நிறுத்திவிட வேண்டும். எனக்கு அந்த டக் கேட்க மூன்று வாரம் ஆனது. ஒரு நாள் அவர் திண்ணையில் காபி குடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அது போதும்" என்றார். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

திரியின் மேல் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். கொதிக்கும்போது தெரு முழுக்கக் கோயில் வாசனை. பக்கத்து வீட்டு அம்மா என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

மரத்துக்கு வெளியே முந்திரிக்கொட்டை எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற இடங்களில் தோட்டிலிருந்து எடுப்பார்கள், கறுப்பாக, கெட்டியாக இருக்கும். பூச்சியும் புழுவும் அண்டாமல் இருக்கப் படகுக்கு அடிப்பது பழைய வழக்கம். கையுறை போட்டுக்கொள் என்று விற்றவர் சொன்னார். வலது கையில் போட்டேன், இடது கையில் போடவில்லை. அந்தத் தோட்டு எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், பச்சைக் கொட்டையைக் கடித்து உதடு புண்ணாகாத பிள்ளை இங்கே யார்? எனக்கும் தெரியும். ஆனாலும் பத்து நாள் இடது கை கொப்புளத்தோடு ஆபீஸ் போனேன், கேட்டவர்களிடம் எல்லாம் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைத் தொட்டுவிட்டு நகராமல் அங்கேயே நின்றது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. இங்கும் விடாத மழை. நான் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு பக்கம் கிழிந்து, அது ஒரு பெரிய புனல் மாதிரி ஆகி, மழையை எல்லாம் படகுக்குள் இறக்கிவிட்டிருக்கிறது. காலையில் பார்த்தால் பாதிப் படகு தண்ணீர். ஒன்றரை டன்னாவது இருக்கும். மிதக்கும்போது வெளியே இருந்து தாங்கத் தண்ணீர் உண்டு, கட்டையில் நிற்கும்போது யார் தாங்குவது? ஒரு முட்டுக்கட்டை சேற்றில் புதைந்து, படகு அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. நானும் தம்பி மகனும் மழையிலேயே ஜாக்கி வைத்து, வாளியால் இறைத்து, நாலு மணி நேரம் போராடினோம். டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராக மூழ்கியதைப் பார்த்த பிறகு, இதைக் கஷ்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அந்த மழையில் ஒரு லாபம். உள்ளே தண்ணீர் நின்றால் ஒழுகும் இடம் வெளியே தெரியுமே! இறைப்பதற்கு முன்னால் தம்பி மகன் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்து, தண்ணீர் கசியும் இடத்தில் எல்லாம் வட்டம் போட முயன்றான். ஈர மரத்தில் சாக்பீஸ் எழுதவில்லை. அம்மாவின் குங்குமச் சிமிழ் வந்தது. பதினேழு பொட்டு. அதில் ஒன்றுகூட அணியத்தில் இல்லை. அங்கே உள்பக்கம் அப்பா ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, கீழே தாரில் ஊறிய கயிற்று நாரை வைத்து, சின்னச் செம்பாணி வரிசையாக அடித்து ஒரு ஒட்டுப் போட்டிருந்தார். சிமென்ட்டுக்கெல்லாம் முந்தியது, அவசரத்துக்கு நடுக்கடலில் போட்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தகரம் பாதி துருப்பிடித்துப் போய்விட்டது, கீழே நாரும் தாரும் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தை மேஸ்திரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இத எடுக்காத, இது அவன் புத்தியோட இருந்தப்ப செஞ்சது" என்றார்.

எஞ்சின் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அது கிர்லோஸ்கர் ஏவி1. ஐந்து குதிரைச் சக்தி, 1500 சுற்று. நம்ம ஊர் வயல்களில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் கிடையாது. பிஸ்டன் பிடித்துக்கொண்டு இறுகிப் போயிருந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊற வைத்து, தினமும் காலையில் ஃபிளைவீலை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஆபீஸ் போவேன். இருபத்திரண்டாம் நாள் ஒரு நூல் நகர்ந்தது. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் நெல்லிக்குப்பத்தில் விவசாய எஞ்சின் சாமான் விற்கும் கடையில் அரை மணி நேரத்தில் கிடைத்தன. அப்பா உப்புத் தண்ணீரையே எஞ்சினுக்குள் ஓட விட்டிருந்தார், உள்ளே கல் மாதிரி படிந்திருந்தது. அதை மாற்றி, ஏராவை ஒட்டி வெளியே செம்புக் குழாய் ஓட்டி, நல்ல தண்ணீரே உள்ளே சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி செய்தேன். ஐந்து குதிரை போதுமா என்று எல்லோரும் கேட்டார்கள். இந்த நீளத்துப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வகை, எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் ஆறு நாட் (knot) வேகத்துக்கு, அதாவது மணிக்குப் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் அடம் பிடிக்கும், டீசல்தான் வீணாகும்.

2025 மார்ச், மாசி மகம் முடிந்த வாரம் இறக்கினோம். தெரு வரை தென்னை உருளை, அங்கிருந்து ஹைட்ரா கிரேன், பெல்ட் போட்டுத் தூக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, உப்பனாற்றில் இறக்கிப் பத்து நிமிஷத்தில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். கரையில் நின்ற கூட்டத்தில் ஒருவர், "இதுக்குத்தான் ஃபைபர் போடுங்கன்னு சொன்னேன்" என்று சத்தமாகவே சொன்னார். மேஸ்திரி பேசாமல் பீடி பற்ற வைத்தார். இறக்குவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே உள்ளே ஈரச்சாக்கு பரப்பி வைத்திருந்தோம், ஆனாலும் பதினான்கு வருஷம் காய்ந்த மரம் ஒரு வாரத்தில் குடித்து முடிக்காது. முதல் ராத்திரி மணிக்கு ஒரு தடவை இறைத்தோம், பேட்டரி பம்பு வைத்துக்கொண்டு படகிலேயே படுத்தேன், கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் முந்தின இரவு விட்ட அளவிலேயே நிற்கிறது. பலகை எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஃபைபர் போடச் சொன்னவர் அன்றைக்கு வரவில்லை, வந்திருக்கலாம்.

எஞ்சினையும், விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட்டையும் தோட்டத்திலேயே மயிரிழை பிசகாமல் நேராக்கி வைத்திருந்தேன். தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பே கொஞ்சம் மாறிவிட்டது, இரண்டையும் பூட்டும் இணைப்புத் தட்டுகளுக்கு நடுவே ஒரு பக்கம் அளவுத் தகடு நுழைந்தது, எதிர்ப்பக்கம் நுழையவில்லை. மறுபடி எஞ்சின் காலடியில் தகடு வைத்து, எடுத்து, வைத்து, பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவர ஒரு முழு ஞாயிறு. கரையில் இதைச் செய்ததே வீண். அடுத்தவர்கள் நேராகத் தண்ணீரில் செய்யுங்கள்.

செலவு கேட்பவர்களுக்கு: நோட்டில் 2,80,000 தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பணத்துக்கு எஞ்சினோடு நல்ல ஃபைபர் படகு வாங்கியிருக்கலாம் என்று அம்மாவே சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

அம்மாவை முதல் தடவை ஏற்றிக்கொண்டு கழிமுகம் வரைக்கும் போனேன், கடலுக்குள் போகவில்லை. கைப்பிடியைச் சுற்றி, லிவரைத் தட்டிவிட்டதும் அந்த டுக் டுக் சத்தம் வந்தபோது அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார். அப்புறம் பலாப்பலகை இருக்கையைத் தடவிப் பார்த்து, "இந்த மரத்துல நாலு காய்தான் இனிப்பா இருக்கும், மீதி எல்லாம் சப்புன்னு இருக்கும்" என்றார்.

இப்போதைக்கு, எஞ்சின் ஓடும்போது, ஷாஃப்ட் படகைவிட்டு வெளியே போகும் இடத்தை அடைக்கும் கிளாண்டில் நிமிஷத்துக்கு நாலு சொட்டு விழுகிறது, அவ்வளவு விழத்தான் வேண்டும், ஒரேயடியாக இறுக்கினால் சூடேறி ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். பதினேழு பொட்டில் ஒன்று மட்டும், இடது பக்கம் மூன்றாவது பலகையில், இன்னும் லேசாக வியர்க்கிறது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கரையேற்றிவிடச் சொல்லியிருக்கிறார். தென்னை உருளைகளை அதனால்தான் இன்னும் அடுப்புக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு அது ஒரு குறை.